லண்டன் நைனாவின் கடையில் ஒரு குண்டு இளவரசன்

இங்கிலாந்து அரச குடும்பத்தின் காதல் விவகாரங்களை லண்டன் நைனா அளவுக்கு அறிந்தவர் லண்டனிலேயே இருந்திருக்க மாட்டார். இத்தனைக்கும் நைனா பூந்தமல்லியில் சவரக்கடை வைத்திருந்தவர். பட்டணத்தைத் தாண்டியதில்லை, ஓர் எழுத்து இங்கிலீஷ் தெரியாது.

கப்பலேறிய கண்டோன்மெண்ட் துரை ஒருவர் விட்டுப்போன கேலிப்படங்களை வாங்கி, கடைச்சுவர் முழுக்க மாட்டியிருந்தார். நூறு வருஷத்துக்கும் மேல் பழையவை. எல்லாவற்றிலும் ஒரே குண்டு இளவரசன். ஒன்றில் அவன் கோட்டு வாலை இரண்டு சீமாட்டிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இன்னொன்றில், ரகசியமாகக் கட்டிக்கொண்டவள் முன் மண்டியிட்டிருந்தான். தொப்பை தரையைத் தொட்டது.

தாலுகா கச்சேரி குமாஸ்தாவான நான் போய் உட்கார்ந்தால், கத்தி பாதியில் நின்றுவிடும்.

“தோ பாரு அண்ணாத்தே, இவளத்தான் மொதல்ல கட்னான். அப்பங்காரன் ஒரு சத்தம் போட்டான். ஒடனே இவன் ‘இவ யாருன்னே தெரியாது’ன்னுட்டான், பேமானி!”

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைப்பார். பாதித் தாடியோடு கச்சேரிக்குப் போனவர்கள் உண்டு.

காரணம் ஊருக்கே தெரியும். தாயார் மருமகளை ‘வெளியே போ’ என்றபோது, நைனா வாய் திறக்காமல் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாராம். திருவேற்காட்டுத் தாய்வீட்டுக்குப் போனவள், மாமியார் செத்த பிறகும் திரும்பவில்லை.

ஒருநாள் ஏட்டு வந்தார். “ராஜா குடும்பத்தை இப்படியா மாட்டி வெப்ப? ராஜத்துரோகம்! எல்லாத்தையும் எறக்கு!”

“வரைஞ்சது நானா ஏட்டய்யா? வெள்ளக்காரன்தானே!”

எடுபடவில்லை. படங்கள் வண்டியேறின. மண்டியிட்ட படத்தை மட்டும் நைனா நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“இத்த மட்டும் உட்டுடுங்க. ஒருத்திக்குக் காட்டணும்.”

அழுகிற ஆளிடம் பிடுங்க ஏட்டுக்கும் மனசு வரவில்லை.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு நைனா திருவேற்காட்டுக்கு நடந்தார். கதவைத் திறந்த மனைவி முதலில் பார்த்தது படத்தைத்தான்.

“யாரு இந்தக் குண்டன்?”

“சீமை எளவரசன். பொஞ்சாதியாண்ட மன்னிப்பு கேட்டுகினு கீறான்.”

“அவன் கேக்குறான், செரி. நீ இன்னாத்துக்கு நின்னுகினு கீற?”

நைனா தெருப்புழுதியிலேயே மண்டியிட்டார். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. படத்தை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள்.

நைனா பூந்தமல்லிக் கடையை மூடிவிட்டு, அவள் வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் சவரப்பெட்டியைத் திறந்து வைத்தார். உச்சிவேளையில் மட்டும் கதவு திறந்து ஒரு சொம்பு கஞ்சி வாசலுக்கு வரும். சாத்திய கதவைப் பார்த்தபடியே மெல்ல மெல்லக் குடிப்பார், தீர்ந்துவிடக் கூடாது என்பதுபோல.

பூந்தமல்லியில் வேறு சவரக்கடை திறந்தார்கள். நான் திருவேற்காட்டுக்கே நடந்தேன், வெட்ட முடியில்லாத மாதங்களிலும்.