அப்பா வயிற்றுக்குக் காவல்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு ஏப்பம் விட்ட கையோடு சபதம் செய்தார்.

"காலையில ஸ்கேன் முடியற வரைக்கும் குழந்தை சாப்பிடக் கூடாதாமே? அப்போ நானும் சாப்பிட மாட்டேன். பொண்ணு பட்டினி கிடக்கறப்போ அப்பன் தொண்டையில சோறு இறங்குமா?"

"இறங்கும்" என்றாள் மனைவி. "அவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ அழுதுகிட்டே அவ தட்டையும் சேர்த்துக் காலி பண்ணீங்களே!"

ஆறு வயது மகளுக்குக் கொஞ்ச நாளாக வயிற்று வலி. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார். அந்த 'எதுக்கும்' மாஸ்டரின் தூக்கத்தைத் தின்றுவிட்டது. தன் விலாவுக்குக் கீழே ஒரு வருஷமாகச் சுருக் சுருக்கென்று குத்துவதைக்கூட 'வெறும் வாயு' என்று தள்ளிவிட்டு, மனைவி ஸ்கேன் என்றாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நழுவுகிற மனிதர் அவர். மகள் விஷயத்தில் மட்டும் நடுங்கிப் போனார்.

போதாததற்கு நிபந்தனைகள் வேறு. வெறும் வயிற்றோடு வரவேண்டும். தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வரவேண்டும். மகளோ பசித்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள்.

விடிந்தது. மகள் அழவில்லை. சாப்பிட எதுவும் கேட்கவும் இல்லை. மாஸ்டர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தாள். சபதக்காரர் சமையலறைக்குள் பூனை மாதிரி நுழைந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

"அப்பா! என்ன பண்றே?"

"எறும்பு இருக்கான்னு பார்த்தேன்டா கண்ணு."

"மூடு."

மூடினார். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அவருக்கும் ஒன்று நீட்டினாள். மறுபடியும் ஒன்று. கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் பாத்ரூம் பக்கம் விரைந்தார். கதவில் முதுகைச் சாய்த்து, கையை விரித்து நின்றாள் மகள்.

"போகக் கூடாது. அடக்கு."

"அப்பாவுக்கு அவசரம்டா!"

"எல்லாருக்கும் பிரேக் போடச் சொல்லித் தர்றே இல்ல? நீயும் போடு."

கால்மேல் கால் பின்னிக்கொண்டு மனைவியிடம் போய் நின்றார் மாஸ்டர்.

"என்னடி இது, போலீஸ் வேலை பார்க்கிறா?"

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "ஸ்கேன் அப்பாவுக்குத்தான், அவருக்கு ரொம்ப பயம், நீ கூடவே பட்டினி இருந்து முதல்ல படுத்துக் காட்டினாத்தான் தைரியம் வரும்னு சொல்லி வெச்சிருக்கேன். தனக்குன்னு சொல்லியிருந்தா ஊரையே கூட்டியிருப்பா."

"பலே! பொய் சொன்னாலும் உன்னை மாதிரி சொல்லணும்" என்று மெச்சிக்கொண்டார் மாஸ்டர்.

ஸ்கேன் அறையில் மங்கலான வெளிச்சம். மகள் தானாகவே கட்டிலில் ஏறிப் படுத்துச் சட்டையைத் தூக்கினாள். வயிற்றில் ஜெல்லைத் தடவியதும் நெளிந்தாள்.

"ஜில்லுன்னு இருக்குப்பா. வலிக்கல. நல்லா பார்த்துக்கோ."

மாஸ்டர் பார்த்தார். திரையில் தெரிந்த ஒவ்வொரு கறுப்புப் புள்ளிக்கும் ஒரு சாமியை வேண்டிக்கொண்டார். டாக்டர் கருவியை அங்கும் இங்கும் நகர்த்தினார். கடைசியில் சிரித்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. மலச்சிக்கல்தான், வேற ஒண்ணும் இல்லை. பழமும் தண்ணியும் நிறையக் குடுங்க."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடிய மகளைப் பார்த்து, வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உயிர் வந்ததும் பசி வந்தது. பசியைவிட அவசரமானதும் வந்தது.

"நீங்க கேன்டீன்ல இடம் பிடிங்க, நான் இதோ வந்துடறேன்" என்று வாசலை நோக்கிப் பாய்ந்தார்.

வாசலை அடைத்துக்கொண்டு மனைவி நின்றாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க? குழந்தைகிட்ட நான் எப்போ பொய் சொன்னேன்? உங்களுக்கும் சேர்த்துத்தான் ஸ்கேனுக்குச் சொல்லியிருக்கேன். வெறும் வயிறு, நிறையத் தண்ணி! ஒரு வருஷமா நான் கெஞ்சி நடக்காததை, அவ ஒரே காலையில நடத்திட்டா."

"அது வெறும் வாயுடி..."

அதற்குள் மகள் திரும்பி ஓடிவந்து, காலியாக இருந்த கட்டிலைத் தட்டினாள்.

"படு அப்பா. சட்டையைத் தூக்கு. அழக் கூடாது."