டெர்வின் அடித்த மணி

"என்னடே, ஓடலையா?" என்று கேட்டார் அல்போன்ஸ்.

"ஓடும் அங்கிள். என் லேப்டாப்ல நல்லா ஓடிச்சு."

"உன் லேப்டாப்பையா கோயில் கோபுரத்துல கட்டித் தொங்கவிடப் போறோம்?"

டெர்வின் மறுபடி ஓட்டிப் பார்த்தான். கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் பதினோரு தப்பு என்று சிவப்பில் காட்டியது. எழுதியதே நாற்பது வரிதான். அதில் பதினோரு தப்பு என்றால் யார் முகத்தில்தான் விழிக்க முடியும்?

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஜங்லிகாட் மாதா கோயிலில் மணிக்கயிறு இழுத்தவர் தீவை விட்டு மெயின்லேண்டுக்கே திரும்பிப் போய்விட்டார். இனிமேல் ஸ்பீக்கரில் மணி என்று கமிட்டி முடிவு செய்தது. நேரத்துக்கு அதை ஒலிக்க வைக்க, டெர்வின் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினான். மணி முப்பது அடி அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் இரண்டு விநாடி இடைவெளி. அவ்வளவுதான்.

ஆனால் கமிட்டித் தலைவர் அல்போன்ஸ். அவருடைய மகள் சோனியாவைத்தான் டெர்வின் நாலு வருடமாகக் காதலிக்கிறான். 'பையனுக்கு வேலை தெரியுதான்னு பாப்போம், அப்புறம் மத்ததைப் பேசுவோம்' என்று அவர் சொல்லியிருந்தார். எனவே அந்த நாற்பது வரிதான் அவனுடைய கல்யாணம்.

கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளியில் சோனியா கம்ப்யூட்டர் டீச்சர். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மணியை விடு டெர்வின். பென்னி பெரியப்பா எங்க வீட்டுப் படி ஏறாம அப்பா கல்யாணத்துக்குச் சம்மதிக்கவே மாட்டாரு. பத்திரிகையில முதல் பேரு அவரோடதுதான்."

அது உண்மைதான். அண்ணன் பென்னியும் தம்பி அல்போன்ஸும் ஒரு படகு இன்ஜினுக்காகச் சண்டை போட்டு எட்டு வருடமாகிறது. மூன்று தெரு தள்ளித்தான் வீடு. 'அவன் முதல்ல வரட்டும்' என்று இருவரும் ஆளுக்கொரு சத்தியம் செய்து வைத்திருந்தார்கள்.

"அதெல்லாம் அப்புறம். மணி அடிச்சா அங்கிள் மனசு மாறிடும்" என்றான் டெர்வின். காதலித்தவன் காதில் எது ஏறும்?

கோளாறு என்னவென்று அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அவன் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். கோயிலில் இருப்பது விண்டோஸ். அடிகளுக்கு நடுவே 'கொஞ்சம் தூங்கு' என்று சொல்வதற்கு இரண்டிலும் வேறு வேறு கட்டளை. மாற்றினான். பதினோரு தப்பும் மாயமாய்ப் போயிற்று.

"ஓடுது அங்கிள்! நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குத் தானா அடிக்கும் பாருங்க!"

அடித்தது. அதில் குறை சொல்லவே முடியாது.

லினக்ஸில் 2 என்றால் இரண்டு விநாடி. விண்டோஸிலோ ஒரு விநாடியை ஆயிரமாக நறுக்கி, அதில் இரண்டு துண்டு. இதை டெர்வின் மறந்துவிட்டான். மூச்சு விடாமல் மணி முழங்கியது. சுனாமிக்குப் பிறகு ஜங்லிகாட்டில் பச்சைக் குழந்தைக்கும் ஒரு விஷயம் தெரியும்: கோயில் மணி நிற்காமல் அடித்தால் மேட்டுக்கு ஓட வேண்டும்.

"பானி ஆயா! பாகோ, பாகோ!" என்று, தண்ணீர் வந்துவிட்டதாகப் பெங்காலிக்காரர் ஒருவர் இந்தியில் கத்த, தெருவே மேடேறியது. சோற்றுப் பானையோடு ஒருத்தி. கோழிக்கூட்டோடு ஒருத்தர். உபதேசியார் ஒரு கையில் மாதா சுரூபமும் மறு கையில் கோயில் கம்ப்யூட்டருமாக ஓடினார். மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்போன்ஸ் அந்தப் படகு இன்ஜினையே தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, பாதி மேட்டில் முட்டி பிசகி உட்கார்ந்துவிட்டார்.

மேலே நின்று எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். கடல் சாதுவாகக் கிடந்தது.

"அரே, க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சென்று புரியாமல் கேட்டார் பெங்காலிக்காரர்.

எல்லோரும் டெர்வினைப் பார்த்தார்கள்.

கோயில் கம்ப்யூட்டர் மேட்டுச் சரிவில் மூன்று துண்டாகக் கிடந்ததால், பள்ளிக் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கருக்கு வயர் இழுத்துக்கொள்ள ஃபாதர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். "இதுதான் கடைசி டெர்வின்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசினால் ரொம்பக் கோபம் என்று அர்த்தம்.

பள்ளியில் இருப்பதோ லினக்ஸ். மறுபடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மறுநாள் காலை தலைமையாசிரியை சிஸ்டர் சோபியா மேற்பார்வை பார்க்க, டெர்வின் ஒவ்வொரு வரியாக மாற்றினான். தப்பு ஒன்றுமில்லை என்றது கம்ப்யூட்டர். பன்னிரண்டு மணிக்கு வைத்துவிட்டு, மாதாவை வேண்டிக்கொண்டு கடைக்கு வேலைக்குப் போனான்.

பன்னிரண்டு மணி. டங்.

பிறகு சத்தமே இல்லை. அரைமணி நேரம் கழித்து இன்னொரு டங்.

விட்டு விட்டு ஒற்றை மணி என்றால் துக்க மணி. யாரோ போய்விட்டார்கள்.

"இவ்வளவு நேரம் விட்டு அடிக்குதே, பெரிய ஆளாத்தான் இருக்கும்."

"கமிட்டித் தலைவர் நேத்து மேட்டுல விழுந்தாரே! இன்னைக்கு வெளியவே காணோமே!"

மூன்றாவது டங்குக்குள் அல்போன்ஸ் வீட்டு வாசலில் நாற்காலி போட்டாகிவிட்டது. கடைக்காரர் உதுமான் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாலையோடு வந்தார். சேதி கேட்டு டெர்வினும் விழுந்தடித்து ஓடி வந்தான்.

அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் பென்னி படியேறினார்.

"தம்பி! இன்ஜினை நீயே வச்சுக்கயேன்டா! எட்டு வருஷமா உன் மூஞ்சியைப் பாக்காம விட்டுட்டேனே!"

உள்ளே கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு சூரை மீன் வறுவலில் மூழ்கியிருந்த அல்போன்ஸ் நிமிர்ந்தார்.

"அண்ணே? யாரு செத்தா?"

பென்னி அவரைப் பளாரென்று ஓர் அறை அறைந்தார். அப்புறம் கட்டிப்பிடித்தார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஊரே கேட்க அழுதார்கள். உதுமான் பாய் கையிலிருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பென்னி கழுத்தில் போட்டார்.

டெர்வின் அல்போன்ஸின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"மன்னிச்சிருங்க அங்கிள். விண்டோஸுக்கு ரெண்டாயிரம்னு வைக்கணும், லினக்ஸுக்கு ரெண்டு. அவசரத்துல மாத்தி வச்சுட்டேன் போல. ரெண்டாயிரம் விநாடிக்கு ஒரு அடி அடிக்குது. இனிமே உங்க கண்ணுலயே படமாட்டேன்."

"ஏலே, எந்திரி" என்றார் அல்போன்ஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உனக்கு மணி அடிக்கத் தெரியாது. அது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா எங்க அண்ணனை என் படி ஏத்திட்டியே மாப்ள!"

"மாப்ளயா?" பென்னி கண்ணைத் துடைத்தார். "எப்போ கல்யாணம்? பத்திரிகையில என் பேரை முதல்ல போடு. எழுத்தைப் பெருசா போடு."

துக்கத்துக்கு வந்த கூட்டம் கைதட்டியது. உதுமான் பாய் ஷட்டரைத் தூக்கி மிட்டாய் எடுத்து வர ஓடினார். சோனியா சமையலறை வாசலில் முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டு நின்றாள். டெர்வினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்படியும் ஒரு தப்பு மனுஷனுக்கு வாய்க்குமா!

"என் முட்டாள்தனத்தால நல்லது நடந்துச்சு சிஸ்டர்" என்றான், பக்கத்தில் வந்து நின்ற சிஸ்டர் சோபியாவிடம்.

சிஸ்டர் அவன் காதருகே குனிந்தார்.

"நீ ரெண்டுன்னு சரியாத்தான்ப்பா வச்சுட்டுப் போனே, நீ கிளம்பினதும் மூணு சைபரைச் சேர்த்துட்டு, பெரியப்பாவுக்குப் போன் போட்டு ஓன்னு அழுதது உன் சோனியா."