நீலமேகத்துக்குத் தெரிந்த ஆள்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பல்வலி என்று நீங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். வலி மேலேயா கீழேயா என்றுகூடக் கேட்காமல், “கும்பகோணத்துல நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு” என்பார்கள். ரயிலில் இடம் வேண்டுமா, பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டுமா, பட்டாவில் பெயர் மாற்ற வேண்டுமா, நாய்க்குட்டி வேண்டுமா, எல்லாவற்றுக்கும் எங்கோ ஓர் ஊரில் ஓர் ஆள் இருப்பார். லேசில் கிடைக்கமாட்டார். ஆனால் இவர் பெயரைச் சொன்னால் உடனே முடித்துக் கொடுப்பாராம். சொல்லிப் பார்த்தவர்கள் உண்டா? உண்டு. பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

காரைக்காலில் வளர்பிறை நகர் நீலமேகம் இந்த இனத்தில் முதல் தரம். கல்லூரி அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் அவருக்கு உண்மையாகவே நெஞ்சு பதறும். பதறுகிற நெஞ்சைவிட வாய் கொஞ்சம் வேகம். அவ்வளவுதான்.

வளர்பிறை நகரில் பன்னிரண்டு வீடுகள். ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வரிசை. மேலே ஒரே நீளக் கூரை, மங்களூர் ஓடு. முப்பத்தைந்து வருஷக் கடல் காற்றில் ஆணிகள் துருப்பிடித்து, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகள் உளுத்துப் போயிருந்தன. என் வீட்டுக்கு மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்று யாரும் தனியாகக் கிளம்ப முடியாது. மூன்றாம் நம்பரில் கை வைத்தால் நாலாம் நம்பரில் ஓடு சரியும். அதற்காகத்தான் வீட்டு உரிமையாளர் சங்கம்.

சங்கத் தலைவி ஞானசௌந்தரி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். 2007 பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டம் போட்ட தாளில் கூரைக்கே கால அட்டவணை போட்டுக் கொண்டுவந்தார். எந்த வாரம் எந்த வீடு, சாமான்களை எங்கே ஒதுக்குவது, புது ஓட்டை எங்கே அடுக்குவது, எல்லாம் அதில் இருந்தது. குணசேகரன் என்ற காண்ட்ராக்டர் வைகாசியில் ஆரம்பித்து ஆடிக் காற்றுக்கு முன்னால் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். காபி வந்தது. நீலமேகம் தொண்டையைச் செருமினார்.

“எல்லாம் சரி டீச்சர். காண்ட்ராக்டர் எதுக்குங்க? திருநள்ளாறுல நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு. சுப்ராயன் ஆசாரி. அங்க பாதி லாட்ஜுக்குக் கூரை அவரு கைதான். நான் சொன்னா மறுபேச்சு இல்லாம வந்துருவாரு.”

“எத்தனை வருசப் பழக்கம் சார்?”

“ஆச்சுங்க, பன்னெண்டு வருசம்.”

பொய் இல்லை. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் சுப்ராயன் ஆசாரி அவருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார். தன் பாயசத்தை இவர் பக்கம் நகர்த்தியும் வைத்தார். இதற்குமேல் பழக்கம் என்ன வேண்டும்?

குணசேகரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். அவர் பொறுக்கவில்லை, வேறு வேலையை ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, நீலமேகம் திருநள்ளாறுக்குப் பஸ் ஏறினார். லாட்ஜ் லாட்ஜாக விசாரித்துக்கொண்டு போனதில், கோயிலுக்குப் போகிற தெருவில் எள் விளக்கு விற்கிற கடை ஒன்றில் சுப்ராயன் ஆசாரி கிடைத்தார்.

“ஓட்டு வேலையை விட்டு நாலு வருசம் ஆவுதுங்க. ஏறி ஏறி முழங்கால் போச்சு” என்றார் ஆசாரி. பிறகு இவரை ஏற இறங்கப் பார்த்து, “ஆமா, நீங்க யாருங்க?” என்றார்.

நீலமேகம் கல்யாணத்தைச் சொன்னார். பந்தியைச் சொன்னார். பாயசத்தையும் சொன்னார்.

“எனக்குச் சக்கரைங்க. பக்கத்துல யார் உக்காந்தாலும் தள்ளி விட்டுருவேன்.”

இரண்டு எள் விளக்கு வாங்கிக்கொண்டு நீலமேகம் திரும்பினார். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் முடிவும் செய்திருந்தார். ஆனால் தெருமுனையில் ஏழாம் நம்பர் சொர்ணாம்பாள் நின்றாள். ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள், ஒற்றை ஆள், பன்னிரண்டு வீட்டில் அதிகம் ஒழுகுவது அவள் வீடுதான்.

“என்னா சார், ஆளைப் பாத்தீங்களா?”

“பாத்தேம்மா.”

“வர்றேன்னாரா?”

அவள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. அதைப் பார்த்துக்கொண்டு யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? “வேலை தலைக்கு மேல கெடக்காம். முடிச்சுட்டு வர்றேன்னாரு” என்றார்.

அதற்குப் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஆனியில், மாங்கனித் திருவிழா முடியட்டும் என்றார். ஆடியில் சனிப்பெயர்ச்சி வந்தது. திருநள்ளாறில் நிற்க இடமில்லாதபோது ஆசாரி எப்படி வருவார் என்று அவரே எல்லாரையும் கேட்டார். ஆவணியில் ஆசாரிக்குக் காய்ச்சல் வரவழைத்தார். புரட்டாசியில் ஒரு பேத்திக்குக் காது குத்தினார். சொல்லிச் சொல்லி அந்தக் காய்ச்சல் எப்படி இருக்கிறதோ என்று அவருக்கே கவலை வந்துவிட்டது. மனைவி அஞ்சுகம் அந்த எள் விளக்கு இரண்டையும் தினம் அவர் கண்ணெதிரே துடைத்து வைத்தாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்தது. ஏழாம் நம்பரில் தைத்துக்கொண்டிருந்த சொர்ணாம்பாள், அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து போனாள். பின்னாலேயே ரீப்பர் முறிந்து, தையல் மெஷின் மேல் ஓடுகள் சடசடவென்று இறங்கின. நீலமேகம் ஓடிவந்து பார்த்தபோது அவள் கையில் கரண்டியோடு சுவரை ஒட்டி நின்றிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த முக்காலி மேல் இரண்டு ஓடுகள் கிடந்தன. நீலமேகம் குனிந்து அந்த இரண்டையும் எடுத்துக் கீழே வைத்தார்.

சாயங்காலமே சங்கம் கூடியது. “அந்த ஆசாரி நம்பரைக் கொடுங்க சார். நானே பேசிக்கிறேன்” என்றார் டீச்சர்.

நீலமேகம் எழுந்து நின்றார். “அவருக்கு என்னைத் தெரியாதுங்க டீச்சர்.” பாயசத்திலிருந்து முக்காலி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். ஆசாரிக்குப் பேத்தியே உண்டா என்பது தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னார். யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா வேற ஆளை வச்சு ஆடிக்குள்ள முடிச்சிருக்கலாம் சார்” என்றார் டீச்சர். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நீலமேகத்துக்குத் தேவலை.

மறுநாள் காலை குணசேகரன் வீட்டு வாசல் பெஞ்சில் நீலமேகம் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இன்னார் சொல்லி வந்தேன் என்று சொல்ல ஒரு பெயரும் இல்லாமல், வெறும் ஆளாக.

“மழையை வச்சுக்கிட்டு ஓட்டைப் பிரிச்சா பன்னெண்டு வீடும் குளமாயிடுங்க. தை பொறந்தாத்தான்” என்றார் குணசேகரன். “அந்த ஏழாம் நம்பரை மட்டும் இன்னைக்கே தகரம் வச்சு அடைச்சுத் தர்றேன். மத்ததுக்குத் தார்ப்பாய் பாத்துக்குங்க.”

அத்தனை நீளக் கூரைக்கு எங்கே தார்ப்பாய்? நீலமேகம் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அஞ்சுகம், “குஞ்சம்மாகிட்ட கேக்கவா?” என்றாள்.

“எந்தக் குஞ்சம்மா?”

“ஏங்க, இருவது வருசமா நம்ம வாசல்ல கூடையை எறக்கி மீன் குடுக்குறாங்களே, அவங்க பேருகூடத் தெரியாதா?”

அவருக்குத் தெரியாது. நூறு ஊரில் ஆள் வைத்திருந்தவருக்கு வாசலுக்கு வருகிறவர் பெயர் தெரியாது.

அடுத்த நாள் காரைக்கால்மேட்டிலிருந்து குஞ்சம்மாள் இரண்டு மருமகன்களோடு வண்டியில் வந்து இறங்கினார். வலையும் இன்ஜினும் மூடுகிற கனத்த தார்ப்பாய்கள் ஏழு. மருமகன்கள் கூரையில் ஏறி, படகைக் கட்டுகிற மாதிரி கயிறு இழுத்துக் கட்டினார்கள்.

“தங்கச்சி, சொல்லி அனுப்ப இத்தனை நாளா?” என்று குஞ்சம்மாள் அஞ்சுகத்தைக் கடிந்துகொண்டார். பிறகு நீலமேகத்தைப் பார்த்து, “ஐயா, பேச்சு அப்புறம். ஏணியைப் புடிங்க” என்றார். நீலமேகம் வாயைத் திறக்கவே இல்லை. இருந்தாலும் பிடித்தார். பொழுது சாய்கிற வரைக்கும் பிடித்தார்.

ஐப்பசியில் பதினோரு நாள் மழை விடாமல் அடித்தது. தார்ப்பாய் தாங்கியது. தை மாதம் குணசேகரன் வந்தார். டீச்சரின் தாளில் தேதிகள் மட்டும் மாறின. மாசி முடிவதற்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் புதுக் கூரை வந்துவிட்டது. சொர்ணாம்பாள் மெஷினைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டாள்.

நீலமேகம் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். சித்திரையில் நகரின் தண்ணீர் மோட்டார் நின்றது. நீலமேகத்தின் உதடு துடித்ததை எல்லாரும் பார்த்தார்கள். “விசாரிச்சுச் சொல்றேன் டீச்சர்” என்றார்.

டீச்சர் பேனாவைத் திறந்தார். “எந்தத் தேதிக்குள்ள சார்?”

இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்ததில் நடுவிலேயே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். மச்சானாக இருக்கலாம், ஆபீஸ் நண்பராக இருக்கலாம். “அட, அச்சு அசல் இதே மாதிரி நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரே!” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுத்திருப்பீர்கள்.

கொஞ்சம் இருங்கள். இப்போது என்ன சொன்னீர்கள்?