ஹார்ன் அடித்தால் ஓடும் கார்

எனக்கு கார் ரிப்பேர் தெரியாது. கார் ரிப்பேர் வீடியோ பார்க்கத் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன், தங்கை மகளின் காதுகுத்து நாள் வரை.

நான்தான் ஒரே தாய்மாமன். பிள்ளை என் மடியில் உட்கார்ந்த பிறகுதான் ஆசாரி ஊசியை எடுக்க வேண்டும். "ஒங்க அண்ணன் என்னைக்கு நேரத்துக்கு வந்துருக்காரு?" என்று தங்கையின் மாமியார் ஒரு வாரமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். பத்தரைக்குள் நான் போகாவிட்டால் வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடுவார்கள். அந்தப் பேச்சை என் தங்கை ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும்.

சீர்த்தட்டுகளோடு நானும் மனைவி செல்வியும் அவனியாபுரத்திலிருந்து கிளம்பினோம். திருநகர் தாண்டியதும் கார் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. (பெட்ரோல் இருந்தது. செல்வி முதலில் கேட்டதே அதைத்தான்.) மெக்கானிக் பாய்க்கு போன் போட்டேன்.

"சாவியத் திருப்புனா பின்சீட்டுக்கு அடியில லேசா முனகுற சத்தம் வரணும். வருதாண்ணே?"

"வரல பாய்."

"அப்ப டேங்க்குல இருக்குற பம்புக்கு கரண்டு போகல. ரிலே போயிருக்கும். எதையும் தொட்றாதீங்க, முக்கா மணி நேரத்துல வாரேன்."

மணி அப்போதே பத்து. பானட்டைத் திறந்தேன். ரிலே என்பது பம்புக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் ஒரு குட்டி டப்பா. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கரண்டு வரும் ஓட்டை ஒன்றிலிருந்து பம்பின் ஓட்டைக்கு ஒரு துண்டு வயரைச் செருகினால் போதும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். ரிலேயைப் பிடுங்கிவிட்டு, கரண்டு இருந்தால் எரியும் டெஸ்ட் லைட்டை (அதுவும் வீடியோ பார்த்து வாங்கியதுதான்) ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை.

செல்வி பொறுமை இழந்து ஹார்னை அழுத்திப் பிடித்தாள். "என்னங்க, இன்னும் எம்புட்டு நேரம்?"

பல்ப் பளிச்சென்று எரிந்தது. "கெடச்சிருச்சு!" என்று அந்த ஓட்டையிலிருந்தே பம்பின் ஓட்டைக்கு வயரைச் செருகினேன். அது ஹார்னுக்குப் போகும் கரண்டு, ஹார்னை அழுத்தினால்தான் வரும் என்று புரிகிற மூளை இருந்திருந்தால் பாய் பேச்சைக் கேட்டிருப்பேன்.

சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆத்திரத்தில் ஹார்னை ஓங்கி அழுத்திக்கொண்டு மறுபடி திருப்பினேன். வண்டி பிடித்தது! கையை எடுத்தேன். நின்றது.

"ஏங்க, ஹார்ன் அடிச்சாத்தான் ஓடும்போல."

"அப்ப அடி."

(வயரை வேறு ஓட்டைக்கு மாற்றியிருக்கலாமே என்கிறீர்களா? நீங்கள் நிதானமாக உட்கார்ந்து படிக்கிறீர்கள்.)

நான் ஓட்ட, பக்கத்து சீட்டிலிருந்து சாய்ந்து செல்வி ஹார்னை விடாமல் அழுத்த, திருமங்கலம் ரோட்டில் ஊளையிட்டபடி போனோம். லாரிகள் ஒதுங்கின. ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"ஹார்ன விடுய்யா!"

விட்டோம். நடுரோட்டில் நின்றது.

"வண்டிய எடுய்யா!"

எடுத்தோம். அலறியது. மூன்றாவது முறை அவர் காதைப் பொத்திக்கொண்டு, "போய்த் தொலைங்க" என்றார்.

தங்கையின் ஊர் எல்லையிலிருந்து காதுகுத்து நடக்கும் கோயில் வரை எனக்குத் தலை நிமிரவில்லை. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோயில் வாசலில் செல்வி கையை எடுத்ததும் வண்டி அடங்கியது. மணி பத்து இருபத்தைந்து. அடி விழும் என்றுதான் இறங்கினேன்.

தங்கையின் மாமியார் முன்னால் வந்தார். "அடேயப்பா! மாமன் சீருன்னா இப்படில்ல ஊரே அதிர வரணும்!"

கூட்டம் குலவையிட்டது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னொரு முறைகூட அப்படி ஓட்டலாம். நான் கிரீஸ் கையோடு பிள்ளையை மடியில் வாங்கி, எல்லாம் திட்டமிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டேன். பிள்ளை ஊசிக்கு முன்பே வீறிட்டு அழுதது, என்னைப் பார்த்துத்தான்.

ஆறு வருடமாகிறது. அந்த ஊரில் இப்போது எந்தத் தாய்மாமனும் சும்மா வர முடியாது. எல்லையில் ஹார்னைப் பிடித்தால் கோயில் வாசலில்தான் விட வேண்டும். போன மாதம் அங்கே நாங்கள் போயிருந்த ஒரு காதுகுத்துக்கு, ஒரு மாமன் புது காரில் சத்தமில்லாமல் வந்து இறங்கினார். ஊர்ப் பெரியவர் ஒருவர் மறித்தார்.

"என்னப்பா இது, களவாணி மாதிரி வந்து நிக்கிறீக? இது எங்க ஊரு வழக்கமாச்சே!"

மனிதர் வண்டியைத் திருப்பிக்கொண்டு எல்லைக்குப் போனார். ஹார்ன் சத்தம் நெருங்க நெருங்க, செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பந்திக்குப் போய்விட்டேன்.