மேரி ஓட்டிய குதிரைவண்டி

என் மனைவி கனகாம்பிகை கார் ஓட்டக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவன் அப்படியெல்லாம் அவசரப்பட மாட்டான்.

சங்கதி ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. நான் சோபாவில் சாய்ந்திருந்தேன். அவள் மேசையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் கார் ஓடப்போறன்."

"எந்தக் காரை?"

"எங்கடை காரைத்தான். சும்மாதானே நிக்குது."

உண்மைதான். கனடாவில், மல்வேர்னில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இரண்டு வருடமாக ஒரு நீலக் கார் நிற்கிறது. லைசென்ஸ் எடுத்ததும் ஓட்டலாம் என்று வாங்கினேன். கார் வந்துவிட்டது, லைசென்ஸ்தான் வரவில்லை. எழுத்துச் சோதனை பாஸ். பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருந்தால் நான் ஓட்டலாம். தனியே ஓட்டுவதென்றால் றோட் ரெஸ்ற் பாஸ் பண்ணவேண்டும். முதலாவது ரெஸ்ற்றில் நடைபாதையில் ஏறினேன். இரண்டாவதில் பச்சை விளக்கில் நிறுத்தி, வீதி கடக்கக் காத்திருந்த ஒரு கிழவிக்கு வழிவிட்டேன். கிழவி நன்றி சொன்னாள். சோதனை எடுத்தவர் சொல்லவில்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் கீழே போய்க் காரைத் துடைத்து, பற்றறி செத்துப்போகாமல் பத்து நிமிடம் ஸ்ரார்ட் பண்ணி வைத்துவிட்டு மேலே வருவேன். எதிர்வீட்டுச் சிவபாதம் அண்ணை, "என்ன தம்பி, கார் ஓடுதோ?" என்று கேட்டால், "ஓடுது அண்ணை" என்பேன். என்ஜின் ஓடியது உண்மைதானே.

"இந்தக் குளிருக்கை உமக்கு ஏன் கார்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"குளிருக்கைதான் கார் வேணும். விடிய அஞ்சு மணிக்கு ரெண்டு பஸ் மாறிப் பாண் சுடுற பக்ரறிக்கு வேலைக்குப் போறன். நேற்று மைனஸ் இருபத்திரண்டு. காலிலை விரல் இருக்கோ எண்டு சப்பாத்தைக் கழட்டிப் பாத்துத்தான் தெரிஞ்சுகொண்டனான்."

நியாயமான பேச்சு. அதுதான் சிக்கல். அநியாயமாகப் பேசினால் பதில் சொல்லலாம். ஆனால் அவள் முதல்தரமே பாஸ் பண்ணிவிட்டால் மல்வேர்னில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்? நடப்பேன்தான். நடக்கத்தானே வேண்டிவரும்.

அந்தக் கிழமை லைபிரறியில் ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த ஒரு கம்பளிக்கடை எழுத்தரின் அந்தரங்க நாட்குறிப்பு. தலையணை அளவு இருந்தது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், பதினொரு வருடம் இங்கிலிஷ் கடிதம் எழுதியவன் நான். இங்கே பெட்டி பக்ரறியில் என் இங்கிலிஷுக்கு "யெஸ் சேர்" என்பதற்கு மேல் வேலையில்லை. அந்தக் கோபத்தில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று வரிக்கு ஒரு வரிதான் விளங்கியது. விளங்கிய மட்டில் அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பல்லுவலி என்கிறார். முதலாளி முறைத்தார் என்கிறார். பொய்முடிக்குள் பேன் என்கிறார். கோயிலில் பிரசங்கம் முழுவதும் நித்திரை கொண்டேன், நல்ல பிரசங்கம் என்கிறார். ஆறிப்போன ஆட்டிறைச்சிக்காக மனைவியோடு சண்டை பிடித்தேன், பிறகு அதையே தின்றேன் என்கிறார். முந்நூறு வருடத்துக்கு முன்னரே இப்படி ஒருவன் என்னை முந்திக்கொண்டு வாழ்ந்திருக்கிறான்!

அப்போதுதான் யோசனை உதித்தது. நான் சொன்னால் கனகாம்பிகை கேட்கமாட்டாள். வெள்ளைக்காரத் துரை சொன்னால்?

அடுத்த ஞாயிறு புத்தகத்தை விரித்தேன். பல்லுவலிப் பக்கத்தைப் பார்த்தபடி தமிழில் கணீரென்று வாசித்தேன்.

"'இன்று என் மனைவி குதிரைவண்டியைத் தானே ஓட்டுவேன் என்று அடம்பிடித்தாள். தடுத்தேன். கேட்கவில்லை. வண்டி நேரே தேம்ஸ் ஆற்றுக்குள் போயிற்று.'"

கத்தரிக்காய் வெட்டிய கத்தி நின்றது.

"ஐயோ! பிறகு?"

"பிறகென்ன, நனைஞ்சுபோனா."

"குதிரை?"

குதிரையை நான் யோசிக்கவில்லை. "நீந்தி வந்திட்டுது."

"அவவின்ரை பேர் என்ன?"

அந்த மனிதர் 'என் மனைவி' என்பதற்கு மேல் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. "மேரி" என்றேன்.

"பாவம் மேரி. ஏன், துரை பக்கத்திலை இருந்து ஒழுங்காச் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

"சொல்லிக் குடுத்தவர்."

"கத்தாமலோ?"

"கொஞ்சம் கத்தினவர்."

"அதுதான் ஆத்துக்கை போயிருக்கிறா. வாற கிழமையும் வாசியுங்கோ."

வாசித்தேன். ஒரு விஷயம் சொல்லவேண்டும். அவளுக்கு விடிய வேலை, எனக்குப் பின்னேர வேலை. நான் வரும்போது அவள் நித்திரை. அவள் போகும்போது நான் நித்திரை. கிழமையில் ஆறு நாள் பிறிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத் துண்டுகளால்தான் எங்கள் குடும்பம் நடந்தது. 'சோறு இருக்கு.' 'பால் முடிஞ்சுது.' ஞாயிறு ஒன்றுதான் இருவருக்கும் பொது. அதிலும் நான் பாதி நாள் கீழே காரோடு நின்றுவிடுவேன். இப்போது காரை மறந்து மேரியோடு இருந்தேன்.

இரண்டாம் ஞாயிறு மேரி மீன்கடைக்குள் வண்டியை விட்டாள். மூன்றாம் ஞாயிறு நீதிபதி கண்டித்தார். நான்காம் ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல் வரவைத்தேன். கனகாம்பிகை முகம் வாடிப்போனதைப் பார்க்க முடியவில்லை. ஐந்தாம் ஞாயிறு நானே சூப் காய்ச்சிக் கொடுத்துச் சுகப்படுத்தினேன். பெட்டி தூக்கும்போதெல்லாம் மேரியின் நினைவுதான்.

ஏழாம் ஞாயிறு துரைக்குப் பல்லுவலி உச்சம். வைத்தியரிடம் யார் கூட்டிப்போவது? வேறு வழியில்லை. மேரி வண்டியை எடுத்துவிட்டாள்.

"எங்கையும் முட்டினவவோ?"

"இல்லை."

"ஆறு?"

"பாலத்தாலை போனவ."

கனகாம்பிகை கை தட்டினாள். நானும் தட்டப் போனேன். பிறகுதான் நான் எந்தக் கட்சி என்பது ஞாபகம் வந்தது.

விட்ட பிழையை ஒன்பதாம் ஞாயிறு திருத்தினேன். "'இனிக் கடிவாளத்தைத் தொடமாட்டேன் என்று மேரி கண்ணீரோடு சத்தியம் செய்தாள். வீட்டில் பெரிய நிம்மதி.'"

கனகாம்பிகை என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினாள். "சரி" என்றாள். "புத்தகத்தை லைபிரறியிலை நானே திருப்பிக் குடுக்கிறன். இங்கிலிஷ் வகுப்புக்குப் போற வழிதானே."

வென்றுவிட்டேன். அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. வேலைக்குப் போக பஸ் தரிப்பில் நின்றேன். பனி கரைந்து எங்கும் சேறு. தூரத்தில் ஒரு நீலக் கார் வந்தது. எனக்குத் தெரிந்த நீலம். ஞாயிறுதோறும் துடைத்துத் துடைத்துப் பழகிய நீலம்.

"ஐயோ, என்ரை கார்! கள்ளன்! கள்ளன்!"

கையை விரித்துக்கொண்டு வீதியில் இறங்கினேன். கள்ளன் சிக்னல் போட்டான். கண்ணாடியைப் பார்த்தான். என் சப்பாத்தில் ஒரு துளி சேறு படாமல் ஓரமாக நிறுத்தினான். இவ்வளவு ஒழுங்கான கள்ளனை நான் கண்டதேயில்லை. கண்ணாடி இறங்கியது.

"கெதியா ஏறுங்கோ. இது பஸ் நிக்கிற இடம்" என்றாள் கனகாம்பிகை.

ஏறினேன். வேறென்ன செய்வது?

"எப்ப எடுத்தனீர்?"

"இண்டைக்குக் காலமை. லீவு போட்டிட்டுப் போனனான். முதல்தரமே பாஸ்."

"ஆர் பழக்கினது?"

"இராஜேஸ்வரி அன்ரி. வகுப்பு முடியப் பழக்கிறவ. பொம்பிளையளுக்கு மட்டும்."

நான் விரல்விட்டு எண்ணினேன். எழுத்துச் சோதனை பாஸ் பண்ணி எட்டு மாதமாவது பொறுத்தால்தான் றோட் ரெஸ்ற். இது மார்ச் மாதம்.

"அப்ப நான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரேக்கை..."

"அப்ப நான் பின்னுக்கு எடுக்கப் பழகிக்கொண்டிருந்தனான்."

"பிறகேன் என்னட்டைக் கேட்டனீர்?"

"கேக்கேல்லை. சொன்னனான்."

வீதி அமைதியாக நகர்ந்தது. நடைபாதை நடைபாதையிலேயே இருந்தது.

"புத்தகத்தையும் வாசிச்சனான்" என்றாள். "முழுக்க இல்லை. மனிசி வாற இடங்கள் மட்டும். வகுப்பிலை ரீச்சர் விளங்கப்படுத்தினவ. ஆறும் இல்லை, மீன்கடையும் இல்லை. அவவுக்கு ஒரு பேர்கூட இல்லை. சமைக்கிறா, பேச்சு வாங்கிறா, அவ்வளவுதான். உங்கடைதான் நல்லம்."

எனக்குக் காது சுட்டது. "எப்ப தெரியும்?"

"மூண்டாம் கிழமை. நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுபோனனான்."

"அப்ப மிச்ச ஆறு ஞாயிறும் என்னத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தனீர்?"

அவள் சிக்னல் போட்டாள். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள், லேன் மாறினாள்.

"கனடாவுக்கு வந்து ஏழு வருசம். நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருந்து ஒரு மணித்தியாலம் கதைச்சது அந்த ஒன்பது ஞாயிறும்தான். அதை நான் ஏன் கெடுக்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் காட்டாமலிருக்க, வெளியே போன ஒரு லொறியை மிகக் கவனமாகப் பார்த்தேன். ஏழு வருடம் ஒருத்தியைத் துண்டு எழுதியே வாழவைத்திருக்கிறேன்.

"பக்ரறிக்கு இன்னும் இருபது நிமிசம் இருக்கு" என்றாள். "மேரிக்குப் பிறகு என்ன நடந்தது? சொல்லுங்கோ."

"புத்தகம் குடுத்தாச்சே."

"அதுக்கும் உங்கடை கதைக்கும் என்ன சம்பந்தம்?"

போன உயிர் திரும்பி வந்தது. இழந்ததையெல்லாம் ஒரே வசனத்தில் மீட்டுவிடலாம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"அடுத்தநாள் துரை கடிவாளத்தைத் தன்ரை கையிலை எடுத்து, லண்டன் முழுக்க வண்டியைத் தனிய ஓடிக்காட்டி..."

கனகாம்பிகை சிவப்பு விளக்கில் மெல்லக் காரை நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள்.

"பொறுங்கோ, துரைக்கு இன்னும் லைசென்ஸ் கிடைக்கேல்லை."