காற்று பார்த்து நின்றவர்

ஆண்களில் ஓர் இனம் உண்டு. எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒருவரையாவது பார்க்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதே மிகச் சிறந்த திட்டம் என்று நம்புகிறவர் அவர். கேட்டால் பொறுமை என்பார், பக்குவம் என்பார், எல்லாவற்றுக்கும் நேரம் வர வேண்டும் என்பார். பார்க்கிறவர்களுக்கு அது அச்சு அசல் பயம் போலவே தெரியும். அதற்கு அவர் பொறுப்பில்லை.

இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி ஒரு மான் பூங்காவில் கணக்கராக இருந்தார். வயது ஐம்பத்து மூன்று. மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. மான்கள் இணை சேரும் பருவத்தில் எந்தக் கலைமான் எப்படி நடந்துகொள்கிறது என்று வயது வாரியாகக் குறித்து வைப்பது அவர் வேலை. அதைப் பிசகில்லாமல் செய்தார். கெடுதல் என்னவென்றால், குறித்ததையெல்லாம் நம்பவும் செய்தார்.

அவர் கண்டது இதுதான். ஒன்றரை வயதுக் கலைமானுக்குக் கொம்பு விரல் நீளம் கூட இருக்காது. ஆனாலும் கண்ணில் பட்ட பெண்மானையெல்லாம் துரத்தும், துரத்துகிற வேகத்தில் எதற்குத் துரத்தினோம் என்பதையே மறக்கும், கடைசியில் யாரிடமாவது உதை வாங்கிக்கொண்டு புதருக்குள் போய் நிற்கும். மூன்று வயதுக்காரன் வேறு ரகம்: மரத்தில் கொம்பைத் தேய்ப்பான், மண்ணைக் கிளறுவான், உறுமுவான், சமவயதுக்காரனோடு மோதுவான், தின்ன மறந்து விலா எலும்பு தெரிய இளைப்பான். ஆறு வயது தாண்டியவரோ பெரிய மனிதர். ஓட்டமில்லை, சத்தமில்லை. பெண்மானின் வாடை தன் பக்கம் வீசும்படி காற்று பார்த்து ஒரு மறைவில் நிற்பார். மற்றவர்கள் அலைந்து ஓய்ந்த பிறகு காரியத்தை முடிப்பார்.

நான் ஆறு வயதுக்காரன் என்று முடிவு செய்துகொண்டார் கணக்கர்.

அந்த வருடம் பூங்காவின் மருத்துவர் பிரசவ விடுப்பில் போக, எட்டு மாதத்துக்கு மட்டும் வேறொரு மருத்துவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, தனியாக இருப்பவர். முரட்டு மானின் குளம்பைப் பிடித்துக்கொண்டே அதனிடம் ஊர் நியாயம் பேசுவார். முதல் வாரத்திலேயே கணக்கருக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டு மாதத்துக்குள் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் இவர் போய்விடுவார். அவ்வளவுதான் விஷயம்.

பூங்காவில் மற்ற வயதுகளும் இருந்தன. தீவன வண்டி ஓட்டுகிற இளைஞன் டாக்டரின் ஜன்னலுக்குக் கீழே தினமும் இரண்டு சக்கரத்தில் வண்டியைத் திருப்பிக் காட்டினான். டிக்கெட் வாங்க வருகிற பெண்களுக்கும் காட்டினான். யாரும் வராத நாளில் கைப்பம்புக்குக் காட்டினான்.

"தம்பி, அந்தத் தீவனத்துல பாதி ரோட்டுல கெடக்கு. அள்ளிட்டு வந்து பேசு," என்றார் டாக்டர்.

நாற்பது வயது மேற்பார்வையாளர் வேறு ரகம். டாக்டர் அறையின் கதவு நிலையில் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்று தன் பழைய சாதனைகளைச் சொன்னார். தொண்டையைக் கனைத்தார். காவலரோடு இரண்டு முறை சண்டை போட்டார். மதியச் சாப்பாட்டை விட்டார், பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். கணக்கர் தூரத்திலிருந்து பார்த்துப் புன்னகைத்தார். மூன்று வயது, பாவம்.

கணக்கர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? மேசையை நகர்த்தினார். டாக்டர் அறையிலிருந்து காற்று தன் பக்கம் வருகிற மாதிரி, இரும்பு அலமாரிக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். மருந்துச் சோப்பின் வாடை வந்தது. அவர் இருப்பது யாருக்கும் தெரியவில்லை. எதிரே டாக்டர் வந்தால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பின்வாசலால் உள்ளே போனார். சிற்றுண்டிக் கூடத்தில் கழிவுநீர்த் தொட்டியருகே உட்கார்ந்தார், காற்று அங்கேதான் சரியாக இருந்தது. மாதங்கள் போயின. திட்டம் அற்புதமாக நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் அவருடைய அக்காவுக்கு மட்டும் இந்தத் திட்டத்தில் மரியாதை இல்லை.

"என்னடா, இன்னைக்காவது பேசினியா?"

"அவசரப்படக் கூடாதுக்கா. பக்குவமான மான் அவசரப்படாது."

"சரி. டாக்டரம்மா வெள்ளிக்கிழமை கெளம்புறாங்கன்னு அந்த மானுக்குத் தெரியுமா?"

"அவங்களா வருவாங்க."

"உனக்கு அம்பத்து மூணு. மானாப் பொறந்திருந்தா எப்பவோ போய்ச் சேந்திருப்ப. சாப்பிடு, ஆறுது."

வெள்ளிக்கிழமை மாலை டாக்டர் நிஜமாகவே வந்தார். கையில் பெட்டி. இரும்பு அலமாரியைச் சுற்றி எட்டிப் பார்த்தார்.

"கெளம்பறேன் சார். ஒண்ணு கேக்கலாமா? என் மேல என்ன கோபம்?"

"கோபமா? எனக்கா?"

"என்னைக் கண்டாலே சுத்திக்கிட்டுப் போறீங்க. நாத்தமடிக்குற தொட்டிகிட்ட உக்காந்து சாப்பிடுறீங்க. என் மேல மருந்து வாடை வருதுன்னு நேரா சொல்லியிருந்தா நான் தள்ளி உக்காந்திருப்பேனே."

கணக்கருக்குக் காது சிவந்தது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார், அதாவது மானைப் பற்றி. ஆறு வயதுக்காரன், காற்று, மறைவு எல்லாம் சொன்னார். டாக்டர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் காது கொடுத்துக் கேட்டார். அவரும் மான் படித்தவர் அல்லவா.

"காத்து பாத்து நிக்கும், சரிதான். அப்புறம் கிட்ட வருமே சார். வந்தா அந்தப் பெண்மானை விட்டு நகரவே நகராது. அதைக் குறிக்க மறந்துட்டீங்களா?"

கணக்கர் குறிப்பேட்டைப் புரட்டினார். அப்படி ஒரு வரி இல்லை.

"கடைசி வரைக்கும் வராம நிக்குறதும் உண்டு," என்று பெட்டியை எடுத்தார் டாக்டர். "அதுக்கு ரொம்ப வயசாயிடுச்சுன்னு அர்த்தம். வரட்டுமா?"

அவர் போய்விட்டார். பேருந்து நிறுத்தம் பூங்காவின் பின்பக்கம். சாலை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். மான் அடைப்புக்குள் குறுக்கே போனால் அருகில்தான். பருவக் காலத்தில் யாரும் அடைப்புக்குள் போகக் கூடாது என்று அழகான கையெழுத்தில் பலகை எழுதி மாட்டியவர் கணக்கர். அந்தப் பலகையைத் தாண்டிக் குதித்தார்.

ஓடினார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், சட்டைப் பையிலிருந்து பேனாக்கள் ஒவ்வொன்றாக விழ, கண்ணாடி மூக்கு நுனியில் ஆட, எதற்கு ஓடுகிறோம் என்பதைத் தவிர எல்லாவற்றையும் மறந்து ஓடினார். ஒன்றரை வயதுக் கலைமான்கள் மூன்று, இது ஏதோ நம் விளையாட்டு என்று நினைத்துக் கூடவே ஓடின. மூன்று வயதுக்காரன் ஒருவன் உறுமிக்கொண்டு பின்னால் வந்தான். பெரிய மனிதர் மறைவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, மெல்லுவதை நிறுத்தினார்.

"சார், பின்னால! பின்னால பாருங்க!" என்று தீவன வண்டிக்காரன் கத்தினான்.

கணக்கர் பார்க்கவில்லை. வேலியில் ஏறினார். உச்சியில் கால்சட்டை கம்பியில் மாட்டிக்கொண்டது. பாதி உடம்பு பூங்காவிலும் பாதி சாலையிலுமாகத் தொங்கினார். கீழே நிறுத்தத்தில் டாக்டர் நின்றிருந்தார்.

"நீங்க போகக் கூடாது," என்றார் கணக்கர் தலைகீழாக. "எனக்காக. நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"முதல்ல எறங்குங்க."

"பதில் சொல்லுங்க, எறங்குறேன்."

"எறங்கினாத்தான் பதில்."

"எறங்க முடியலை."

டாக்டர் பெட்டியைத் திறந்து மருத்துவக் கத்தரியை எடுத்தார். அவர் துணியை வெட்டிக்கொண்டிருந்தபோது பேருந்து வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, வேலியில் தொங்குகிறவரையும் வெட்டுகிறவரையும் பார்த்து, என்ன முடிவு என்பது போல் நின்றார்.

டாக்டர் திரும்பாமலே, போகலாம் என்று கை காட்டினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தாராளமாக. ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. வந்ததும், அதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அந்த இடத்தில்தான் நான் உங்களைக் குறித்துக்கொண்டேன்.