பின்னங்கால் வேடம்

“சார், சீட்டை மறுபடி குலுக்கிருவோம்,” என்றார் தமிழ்ச்செல்வி டீச்சர்.

ஆண்டு விழா ஜல்லிக்கட்டு நாடகத்துக்கு வேடம் பிரித்தாகிவிட்டது. காளையின் பின்னங்கால் சீட்டு சூரியபிரகாஷின் கையில் இருந்தது. அவன் தாத்தா ஜெயபாண்டி, அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மழைக்கு ஒழுகும் ஏழாம் வகுப்புக்குப் புதுக்கூரை போட்டுத் தருவதாகச் சொன்னவர். மாடுபிடி வீரன் சீட்டோ, ஆட்டோ ஓட்டும் பீர் முகமதுவின் மகள் நாஸியாவின் கையில்.

தலைமையாசிரியர் முத்திருளன் அசையவில்லை. போன பள்ளியிலெல்லாம் கடைசி பெஞ்சை ஒழித்து, பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தவர். விருந்தாளிக்கு மாலை போடச் சிவத்த பிள்ளைகளையே பொறுக்கும் வழக்கத்தை நிறுத்தியவர். அதற்கெல்லாம் பரிசாக ஊர் ஊராக மாறுதல் வாங்கியவர். இந்த வருடம்தான் இங்கே வந்தார்; வந்ததுமே சீட்டு முறை கொண்டுவந்தார்.

“சீட்டுன்னா சீட்டுதான் டீச்சர்.”

அன்று மாலையே ஜெயபாண்டி போனில் கத்தினார். “எம்பேரன் மாட்டுக்குப் பொறத்தாலயா? பட்டறைப் பயலுக சிரிக்கிறானுகய்யா!”

மறுநாள் காலைக் கூட்டத்தில் முத்திருளன் முழங்கினார். “பாய்ச்சல் எங்கருந்து வருது? பின்னங்கால்லருந்து! அதுதான் காளைக்கு உசுரு!”

இடைவேளைக்குள் பள்ளியே பின்னங்காலுக்கு அடித்துக்கொண்டது. முன்னங்கால் முபீன், “எனக்கும் உசுருதான் வேணும்,” என்று அழுதான். யாரையும் விட மனமில்லாமல் தலைமையாசிரியர் கேட்டவர்களையெல்லாம் துணிக்குள் சேர்த்தார்.

“சார், இது காளையா, பூரானா?”

“கொஞ்சம் நீளமான காளை, டீச்சர்.”

விழாவன்று காளையின் தலை மேடையின் மறுமுனைக்கு வந்தபோதும், வால் வாடிவாசலுக்குள்ளேயே இருந்தது. “திரும்புங்கடா!” என்றார் டீச்சர். தலை திரும்பியது, நடுக்கால்கள் திரும்பவில்லை. நாஸியா மட்டும் அசராமல் பாய்ந்து திமிலைக் கட்டிப்பிடித்தாள். விசில் பறந்தது. அந்தப் பாரத்தில் காளை ஒவ்வொரு காலாக முன்வரிசையில் சரிந்தது. கடைசிக் காலாக, வாலும் கையுமாக, ஜெயபாண்டியின் மடியிலேயே வந்து விழுந்தான் பேரன்.

கூரை போயிற்று என்றே முத்திருளன் நினைத்தார். ஆனாலும் சொன்னார்: “மன்னிச்சுக்கங்கண்ணே. உங்க பேரனுக்கு ஒரு நியாயம், ஆட்டோக்காரர் மகளுக்கு ஒரு நியாயம்னு வைக்க எனக்கு வராது.”

ஜெயபாண்டி அவரைப் பார்த்தார். மேடையில் கும்பிடு போட்டுக்கொண்டிருந்த நாஸியாவைப் பார்த்தார். மீசை துடித்தது, பிறகு சிரிப்பு வெடித்தது.

“கூரையே போனாலும் மாறாத மனுசன்யா நீங்க! நாளைக்கே ஆள் அனுப்புறேன். சீட்டுல விழுந்ததை மாத்தாத பள்ளிக்கூடத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

முத்திருளன் நெஞ்சு நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மடியில் கிடந்த சூரியபிரகாஷ் மெல்ல வாயைத் திறந்தான்.

“சார், கோவிச்சுக்காதீங்க. சீட்டுல வீரன் எனக்குத்தான் விழுந்துச்சு. எல்லா வருசமும் எனக்கேதான குடுக்குறாங்கன்னு, நாஸியாகிட்ட நான்தான் மாத்திக்கிட்டேன்.”